பீடிக் கட்டில் 85 சதவீதத்தை எப்படி அளப்பது?

கேள்வி: அளவுகோல்
ஒரு சின்னக் கணக்கெடுப்புக்காக மூன்று வாரமாக முக்கூடல் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் சிகரெட் பாக்கெட்டும் பீடிக் கட்டும் வாங்கிச் சேர்க்கிறேன். எச்சரிக்கைப் படம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது; ஒரே கடையில் நாலு கம்பெனிக் கட்டு கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார்.

சிகரெட்டில் சிக்கல் இல்லை. தட்டை முகம், ஸ்கேல் வைத்தால் முடிந்தது. இந்தியாவில் 2016 ஏப்ரலில் இருந்து இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கை இருக்க வேண்டும்: படத்துக்கு 60, வாசகத்துக்கு 25. பீடிக் கட்டுதான் உயிரை எடுக்கிறது. மேலே அகலம், கீழே குறுகல், சுற்றிலும் உருண்டை. நேற்று வாங்கியதில் படம் பாதி வளைந்து பின்னால் போய்விட்டது. லேபிளின் ஓரம் மேலே ஏறி ஒட்டியதில் வாசகத்தின் கடைசி இரண்டு எழுத்தைக் காணோம். இதில் எதை 'முகம்' என்று எடுப்பது?

பதில்: பழைய கள ஆள்
உருளை, கூம்பு வடிவத்துக்கு விதியிலேயே வழி இருக்கிறது: எதிரெதிரான இரண்டு பெரிய பக்கங்களில் எச்சரிக்கை வர வேண்டும். முதலில் கட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். வாங்குகிறவர் கண்ணில் படுவது அதுதான். அப்புறம் ஈரத்துணியில் சுற்றி வைத்து, லேபிளை உரித்து, கிராஃப் தாளில் விரித்து அளங்கள். கத்தி வேண்டாம், கிழியும். குறைந்தபட்சம் 3.5 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் தேறுகிறதா பாருங்கள். 2018 செப்டம்பரில் சேர்த்த, பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 தொலைபேசி எண்ணையும் வாசித்துப் பாருங்கள். மலிவுத் தாளில் மை பரவினால் 8 எது, 3 எது என்று தெரியாது.

பதில்: முறத்தடி
அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறார். லேபிள் ஒட்டுவது நாங்கள் இல்லை. நூல் கட்டிக் கொடுப்பதோடு சரி, மற்றது கம்பெனியில். இலையும் தூளும் வாரத்துக்கு வாரம் மாறும், கட்டின் பருமனும் மாறும். லேபிள் மட்டும் ஒரே அளவு. மெலிந்த கட்டில் ஓரம் அதிகமாக ஏறத்தானே செய்யும்? ஒரு கட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒரே கம்பெனியில் பத்தாவது வாங்குங்கள். இன்னொன்று: அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டி என்ன என்று கேட்டேன். "சுட்ட கத்தரிக்காயா?" என்றார்.

பதில்: யாழ் வாசி
இலங்கையில் 2015இல் இருந்து பெட்டியில் 80 சதவீதம். ஆனால் நான் ஒவ்வொன்றாகத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் மேசைக்குக் கீழே கையை விட்டு ஒன்றை உருவித் தருவார். பெட்டியைக் கண்டே மாதக்கணக்காகிறது! டொரண்டோவில் இருக்கும் அண்ணா போன வருடம் ஒரு சிகரெட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பஞ்சுப் பக்கத்துத் தாளிலேயே, ஒவ்வொரு இழுப்பிலும் நஞ்சு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கனடாவில் 2023இல் வந்த சட்டமாம். பெட்டியை அளப்பவர்கள் இதையும் ஒரு பக்கம் குறித்து வையுங்கள்.

அளவுகோல்
ஈரத்துணி வேலை செய்தது, நன்றி. பத்துக் கட்டில் இரண்டு கூட ஒரே மாதிரி மடியவில்லை. படிவத்தில் இரண்டு கட்டம் சேர்த்துவிட்டேன்: 'சில்லறையாக விற்கிறார்களா', 'படம் என்னவென்று தெரிகிறதா'. இரண்டாவதற்கு எங்கள் வீட்டுக்குள் நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்காய்க் கட்டம்.