நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை எதிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

கேள்வி: ஒன்றியப் பள்ளி ஆசிரியை

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்திருக்கின்றன. கணினிக்கெனத் தனி ஆசிரியர் இல்லாததால், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நானே எடுக்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு முப்பது பிள்ளைகள். இணையம் வரும், போகும். கையிலுள்ள பழைய புத்தகம் கணினியின் தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவிகள் என்று தொடங்குகிறது. அதை அப்படியே நடத்தினால் இதையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். கைப்பேசியில் இவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் தட்டச்சு செய்த பக்கத்தைச் சேமிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்? தட்டச்சு ஆங்கிலத்திலா, தமிழிலா?

பதில் 1: ஆய்வகப் பொறுப்பாளர்

அம்மா, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் முதல் பாடம். கைப்பேசியில் எடுத்த படம் தானாகவே கேலரியில் போய் உட்கார்ந்துகொள்வதால், ஒரு கோப்புக்குப் பெயரும் இடமும் உண்டு என்பதையே இந்தப் பிள்ளைகள் அறிய நேர்வதில்லை. முதலில் வகுப்புக்கொரு கோப்புறை, அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை உருவாக்கச் செய்யுங்கள். பெயிண்ட் என்ற வரையும் செயலியில் ஒரு வீடு வரைந்து, தாமே வைத்த பெயரில் அதில் சேமித்து, மூடி, மறுவாரம் தேடித் திறக்கட்டும். யாராவது ஒருவர் தேதியைச் சாய்கோடு போட்டுப் பெயராக எழுதுவார், விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவை கோப்பின் பெயரில் வரக் கூடாது என்பதை அந்த இடத்திலேயே விளக்கிவிடலாம். சேமிக்கக் கன்ட்ரோல் விசையுடன் எஸ், கடைசியாகச் செய்ததை நீக்கி முந்தைய நிலைக்குத் திரும்பக் கன்ட்ரோலுடன் இசட் ஆகிய இரண்டும் முதல் மாதத்துக்குப் போதும். செய்ததை மீட்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளின் கை கூச்சம் விட்டு ஓடுகிறது.

பதில் 2: தமிழ் 99 பயனர்

தட்டச்சைத் தமிழில் தொடங்குங்கள், அதையும் தமிழ் 99 முறையில் தொடங்குங்கள். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டையொட்டி உருவான இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்து வரிசை பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. நடுவரிசையில் மட்டும் அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந ஆகியவை கிடைக்கின்றன. ப, ந, த, உ என்று நான்கு விசைகளை அழுத்தினால் ‘பந்து’ வந்துவிடும். மெல்லினத்துக்குப் பின் அதன் இனமான வல்லினம் வந்தால் புள்ளி தானாகவே விழும். ‘தம்பி’, ‘தும்பி’, ‘கம்பு’, ‘பகுதி’ என்று விரலை நடுவரிசையிலிருந்து நகர்த்தாமலே முதல் வகுப்பு முழுவதையும் நடத்திவிடலாம். ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் வரவழைக்கும் முறை பெரியவர்களுக்கு எளிது. ஆங்கிலத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. விசைகளில் தமிழ் எழுத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். அட்டையில் வரைந்து திரைக்குக் கீழே ஒட்டிவிட்டால், கண் விசையை விட்டு மேலே எழும் பழக்கமும் சேர்ந்து வரும்.

பதில் 3: கணித ஆசிரியர்

தட்டச்சுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாரம் ஒரு பாடவேளையில் விரல் வேகம் வராது. வந்த வேகமும் கோடை விடுமுறையில் போய்விடும். எட்டாம் வகுப்புக்காவது, எண்களைக் கட்டங்களில் இட்டுக் கணக்கிடும் விரிதாளை முன்னால் கொண்டு வாருங்கள். வகுப்பின் ஒரு வார வருகையை நாள்வாரியாக உள்ளிட்டு, கூட்டலுக்கும் சராசரிக்கும் சூத்திரம் எழுதச் சொல்லுங்கள். பிறகு திங்கட்கிழமை எண்ணை மட்டும் மாற்றினால், யாரும் தொடாமலே கீழே உள்ள விடை மாறுவதைக் காண்பார்கள். கணிதப் பாடத்தில் ‘மாறி’ என்று நாம் கரும்பலகையில் சொல்லிச் சொல்லி ஓய்வது இதுதான். லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் இலவசம், இணையமும் தேவையில்லை. பிள்ளைகளின் எடை, சாதி விவரம், பெற்றோரின் கைப்பேசி எண் போன்றவற்றைப் பயிற்சிக்கென்றுகூடப் பொதுக் கணினியில் ஏற்ற வேண்டாம்; அந்தத் தயக்கத்தை அவர்களுக்கும் பழக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆறாம் வகுப்புக்குக் கோப்பும் தமிழ்த் தட்டச்சும், எட்டாம் வகுப்புக்குக் கோப்புக்குப் பின் விரிதாள் என்று பிரித்துக்கொள்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது: ஒரு கணினிக்கு மூன்று பேர் அமர்ந்தால், வீட்டில் மடிக்கணினி உள்ள பையன் சுட்டியைப் பிடித்துக்கொள்கிறான், பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பதில் 1: ஆய்வகப் பொறுப்பாளர்

கணினி தெரிந்த பிள்ளைகளைத் தனியே ஒரே மேசையில் அமர்த்திவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்ளட்டும். மற்ற மேசைகளில் ஒருவர் இயக்க, ஒருவர் வழி சொல்ல, மூன்றாமவர் செய்ததை நோட்டில் படிப்படியாக எழுத வேண்டும். வழி சொல்பவர் வாயால் சொல்லலாமே தவிரச் சுட்டியைத் தொடக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். அந்த நோட்டு, மின்சாரம் இல்லாத நாளில் வகுப்பு நடத்தவும் கை கொடுக்கும்.