மறுமொழி: ‘இரண்டாம்நிலை நுண்நெகிழி’க்கு மாற்றாக ‘நெகிழி நொய்’

> ‘செகண்டரி மைக்ரோபிளாஸ்டிக்’ என்பதற்கு ‘இரண்டாம்நிலை நுண்நெகிழி’ போதுமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அன்புள்ள ஐயா,

பொருந்துகிறதுதான். ஆனால் இரண்டாம்நிலை என்று படித்ததும் ஏதோ தரவரிசை என்றுதான் தோன்றுகிறது. ‘செகண்டரி மைக்ரோபிளாஸ்டிக்’ என்பது பெரிய நெகிழிப் பொருள் உடைந்து 5 மில்லிமீட்டருக்கும் சிறிதான துகள். உடைந்து வந்தது என்ற செய்தி அதில் இல்லை. (தண்ணீர், கண்ணீர் போல நுண்ணெகிழி என்று எழுதுவதே முறை. அதை மற்றொரு மடலில் பேசலாம்.)

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இப்போது எழுதிவரும் கட்டுரை. மங்கோலியாவில் 1,600 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் கோவ்ஸ்கோல் ஏரியைப் பற்றியது. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஏரி, சுற்றிலும் ஆள் நடமாட்டம் குறைவு. அப்படியிருந்தும் 2014இல் வெளிவந்த ஆய்வு, நீர்ப்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 20,264 துகள்கள் என்று கணக்கிட்டது. முகம் கழுவும் பசையில் கலக்கிற மாதிரி மணிகள் ஒன்றும் அகப்படவில்லை. ஆலைக்கு மூலப்பொருளாகப் போகும் உருண்டைகளும் சொற்பம். அகப்பட்டவற்றில் பெரும்பகுதி உடைந்த சில்லும் மெல்லிய ஏடு போன்ற கிழிசலும்தான், அதாவது பாட்டிலும் பையும் நொறுங்கி வந்தவை. மக்கள் அதிகம் வந்துபோகும் தென்மேற்குக் கரையையொட்டி அடர்த்தி கூடுதல். அங்கிருந்து காற்று அவற்றை ஏரி முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறது. ‘உடைந்து வந்தது’ என்பதைச் சொல் காட்டாவிட்டால் இந்தக் கட்டுரையே நிற்காது.

நண்பர் ஒருவர் ‘சிதைவு நெகிழி’ என்றார். சிதைவு என்றால் மக்கிப்போவது என்று கொள்வார்கள். நெகிழி மக்குவதில்லை. எங்கள் மொட்டைமாடியில் வெயிலில் கிடந்த நீல வாளியைப் போன வாரம் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். பிடித்த இடம் அப்படியே கையோடு வந்துவிட்டது. விரலால் நெரித்தேன், அரிசி நொய் போல உதிர்ந்தது. ஒவ்வொரு துணுக்கிலும் நீலம் அப்படியே இருந்தது. உருவம்தான் போயிற்று, பொருள் போகவில்லை.

நொய்யும் அப்படித்தானே? உடைந்தாலும் அரிசி அரிசிதான். அதனால்தான் ‘நெகிழி நொய்’ என்கிறேன்.

குருணை என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். வயலுக்குப் போடும் குருணை மருந்து ஆலையிலேயே அந்த அளவில் செய்து வருவது. ஆகவே பிறப்பிலேயே சிறிதாக இருக்கும் வகைக்கு ‘நெகிழிக் குருணை’ என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் குழப்பம் இராது.

உண்ணும் பொருளின் பெயரை நஞ்சுக்கு வைக்கலாமா என்று அம்மா கேட்டார். மீன் இதை இரையென்றுதான் விழுங்குகிறது. எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் பக்கம் நொய் என்றால் அரிசிதான். உங்கள் ஊரில் உடைந்த கம்புக்கும் சோளத்துக்கும் இதே சொல்லா, வேறு சொல் உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்