ஹெட் கேஸ்கெட் மாத்தினதிலிருந்து ஐடிலிங்கில் வண்டி உதறுது

2003 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா பெட்ரோல் பீய்ச்சுற முறை). மூணு வாரத்துக்கு முன்னாடி ஹெட் கேஸ்கெட்டும் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) டைமிங் பெல்ட்டும் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கிற பல் பெல்ட்) மாத்தினோம். அன்னையிலிருந்து ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடும்போது) ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எஞ்சின் சுத்துற எண்ணிக்கை, 500க்கும் 1100க்கும் நடுவில் ஏறி இறங்குது. சிக்னலில் நின்னா ஸ்டீயரிங் வரைக்கும் உதறல். 2000 தாண்டினா ஒரு குறையும் இல்லை, அதுதான் குழப்புது. செக் எஞ்சின் விளக்கும் எரியலை.

பிளக் நாலும் புதுசு. எஞ்சினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பாடி, ஐடில் வால்வு ரெண்டையும் கழுவியாச்சு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) நாலிலும் 165-170 பிஎஸ்ஐ. வேக்கம் குழாய்களில் வெடிப்பு இல்லை. காத்து கசியுதான்னு பார்க்க, இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு அனுப்புற குழாய்த் தொகுதி) ஓரமா கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சப்போ ஒரு தடவை ஆர்பிஎம் லேசா மாறிச்சு, மறுபடி அடிச்சா மாறலை. அப்பா ஓட்டின வண்டி, விற்க மனசு வரலை.

முதல்ல மேனிஃபோல்டு கேஸ்கெட்டை மாத்தணுமா, இல்லை பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கான்னு கவரைக் கழட்டிப் பார்க்கணுமா?