கச்சான் காற்றும் மாமியின் தேங்காய்ப்பால் வடிகளும்

குழு: கல்லடி வீட்டுக்காரர், மட்டக்களப்பு

சனிக்கிழமை

நான், பி.ப. 6:41
(குரல் பதிவு, 2:10)
அம்மப்பாவின் கூத்துப் பாட்டு, இன்றைக்குப் பின்னேரம் முற்றத்தில் எடுத்தது. ஹெட்போன் போட்டுக் கேட்காதீர்கள், காது போய்விடும்.

மாமி, பி.ப. 6:48
மனே, இதில் அம்மப்பாவின் குரல் எங்கே? லொறி போகிற சத்தம்தான் கேட்கிறது.

நான், பி.ப. 6:50
லொறி இல்லை மாமி, தென்மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று. மாமரத்துக்குக் கீழே இருந்துதான் பாடுவேன் என்று அம்மப்பா அடம் பிடிக்கிறார். அறைக்குள் எடுப்பதென்றால் ஃபேனை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஒரு விருத்தம் முடிவதற்குள் வேர்த்துக் கொட்டுகிறது என்று எழும்பிப் போய்விடுகிறார்.

பெரிய மாமா, பி.ப. 6:55
அப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியாராக நின்ற காலத்தில் மைக் ஏது? கூத்தாடுகிற வட்டக்களரியில் விடிய விடியப் பாடினார், நாலு பக்கமும் கேட்டது. இப்போது மைக் இருந்தும் கேட்கவில்லை.

மச்சான் கொழும்பு, பி.ப. 7:02
கம்ப்யூட்டரில் போட்டு லோ கட் பண்ணு மச்சான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற தடித்த சத்தத்தை வெட்டினால் காற்று போய்விடும்.

நான், பி.ப. 7:06
வெட்டிப் பார்த்தேன். காற்று பலமாக அடித்த இடங்களில் அலையின் தலை மட்டமாகச் சீவின மாதிரி நிற்கிறது, ரெக்கோடர் தாங்காமல் அங்கேயே உடைந்துவிட்டது. உடைந்ததை மறுகா எப்படி ஒட்டுவது? குரலும் அதோடு சேர்ந்துதான் போனது. அதோடு மத்தளத்தின் தொப்பிப் பக்கம், தடித்த சத்தம் வருகிற பக்கம், அடிக்கிற சத்தமும் கீழேதான் இருக்கிறது, அதையும் வெட்டிவிட்டுக் கூத்துப் பாட்டு என்று சொல்ல முடியாது.

அக்கா டொரன்டோ, பி.ப. 7:15
மைக்குக்குப் போடுகிற முடி வைத்த தொப்பி கடையில் விற்கிறார்களே, நான் அனுப்பவா?

நான், பி.ப. 7:17
நீங்கள் அனுப்பி அது வந்து சேருவதற்குள் காற்றே மாறிவிடும் அக்கா. வீட்டிலேயே செய்து பார்க்கிறேன்.

மாமி, பி.ப. 7:20
அறைச் சுவரில் முட்டை மட்டை ஒட்டினால் சத்தம் நன்றாக வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் வீட்டில் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ.

நான், பி.ப. 7:29
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் மாமி, ஆனால் முட்டை மட்டை மெல்லிய கடதாசி, சத்தத்தைப் பெரிதாகக் குடிக்காது. சுவர் அழகாக இருக்கும், அவ்வளவுதான். எதிரொலிக்குத் தடிப்பான சாமான் வேண்டும், மெத்தை, போர்வை, சீலை நிறைந்த அலுமாரி. அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடச் சொல்வது முட்டை மட்டையை விட எவ்வளவோ மேல். ஆனால் எங்கள் பிரச்சினை எதிரொலி இல்லை, காற்று.

பெரிய மாமா, பி.ப. 7:33
காற்றைத் தடுத்தால் சத்தமும் தடைப்படாதா?

நான், பி.ப. 7:41
அரிக்கன் லாம்புக்குச் சிமினி போடுகிறோம்தானே மாமா, வெளிச்சம் வெளியே வரும், காற்று உள்ளே போகாது. இதுவும் அப்படித்தான். சத்தம் என்பது காற்று ஓடுவது இல்லை, ஒன்றையொன்று தள்ளுகிற நடுக்கம், அது துணிக்குள்ளாலும் வலைக்குள்ளாலும் வந்துவிடும். ஓடுகிற காற்று நேராக மைக்கில் மோதிச் சுழன்றால்தான் இந்த லொறிச் சத்தம். மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் இருக்கும்படி ஒரு கூடு கட்டி, கூட்டுக்கு மேல் முடித்துணி போர்த்தினால் அந்தச் சுழி தூரத்திலேயே நடக்கும். மைக்கின் மேல் நேராகத் துணியைச் சுற்றினால் பாதிப் பலன்தான், இடைவெளிதான் முக்கியம். கூடு பெரிதென்றால் இன்னும் நல்லது.

அம்மா, பி.ப. 7:44
இவ்வளவு தெரிந்த பிள்ளை இன்றைக்கு ஏன் சும்மா மைக்கை வைத்து எடுத்தது?

நான், பி.ப. 7:45
இன்றைக்குத்தான் படித்தேன் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை

மாமி, மு.ப. 10:12
தேங்காய்ப்பால் வடிக்கிற கம்பி வடி இரண்டையும் காணவில்லை. சின்னது பெரியது இரண்டும். யாரும் எடுத்தீர்களா?

மாமி, மு.ப. 10:30
நேற்று இரவு ஒரு ஆள் முட்டை மட்டை எடுக்க வந்தவர். மட்டை அங்கேயே இருக்கிறது.

நான், மு.ப. 10:34
(படம்)
மாமி, கோபிக்க வேண்டாம். இரண்டு வடியையும் வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டினால் ஒரு உருண்டைக் கூடு. அளவு ஒன்றாக இல்லாததால் ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, பாதகமில்லை. ரெக்கோடரின் தலைப்பக்கம் நடுவில் நிற்கிறது, எந்தப் பக்கமும் கம்பியில் முட்டாது.

அக்கா டொரன்டோ, மு.ப. 10:40
பொறு, அந்தக் கூட்டுக்கு மேல் இருப்பது என்ன முடி? அது என்னுடைய கரடியா?

நான், மு.ப. 10:41
ஓம்.

அக்கா டொரன்டோ, மு.ப. 10:41
தம்பி!

நான், மு.ப. 10:49
கேளுங்கள் அக்கா, முதலில் கடையில் முடித்துணி ஒரு துண்டு வாங்கினேன். வெளியே பஞ்சு மாதிரி, உள்ளே றப்பர் பூசியிருக்கிறார்கள். வாயில் வைத்து ஊதினால் மூச்சே போகவில்லை. மூச்சுப் போகாத துணிக்குள்ளால் சத்தமும் ஒழுங்காகப் போகாது, போர்வைக்குள் இருந்து கதைக்கிற மாதிரி வரும். உங்கள் கரடி பழைய காலத்துச் சாமான், பின்னால் பின்னல் துணி, மூச்சுத் தாராளமாகப் போகிறது. தலையை வெட்டவில்லை, வயிறும் முதுகும்தான்.

மச்சான் கொழும்பு, மு.ப. 10:52
ஹாஹா, கரடிக்குப் பிரேத பரிசோதனை.

பெரிய மாமா, மு.ப. 11:05
சரி, பலன் என்ன? அதைச் சொல்லு.

நான், மு.ப. 11:20
முதலில் உள்ளே வைத்துச் சாவிக் கொத்தைக் குலுக்கி, கூடு இல்லாமல் ஒன்று, கூட்டோடு ஒன்று எடுத்தேன். சாவிச் சத்தத்தில்தான் மேல் சுருதி நிறைய இருக்கும், துணி விழுங்கினால் உடனே தெரியும். கொஞ்சம் மங்கல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் கூத்துத் தாளமான சல்லரிக்கு அது போதும். மறுகா முற்றத்தில் வைத்தேன். மாமரம் ஆடுகிறது, ஆனால் பதிவில் இலைச் சத்தம் இலைச் சத்தமாகவே கேட்கிறது, லொறி இல்லை. ஒரே ஒரு பெரிய சுழல் அடித்தபோது மட்டும் மெல்லிய உறுமல். அதற்குத்தான் ரெக்கோடரிலேயே இருக்கிற லோ கட், அதுவும் கீழ்ப்படி மட்டும்.

நான், பி.ப. 5:50
(குரல் பதிவு, 3:32)
அம்மப்பா, வடமோடிக் கூத்துப் பாட்டு, தரு. இப்போது ஹெட்போன் போடலாம்.

அம்மா, பி.ப. 5:58
அப்பா மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்கிறது.

அக்கா டொரன்டோ, பி.ப. 6:03
கரடியை மன்னித்துவிட்டேன்.

மச்சான் கொழும்பு, பி.ப. 6:10
நல்லாயிருக்கு. ஆனால் இடைக்கிடை டும் டும் என்று ஒன்று வருகிறதே, மத்தளம் இல்லை, தாளத்துக்கு நிற்கிறது.

நான், பி.ப. 6:16
அது அப்பப்பாவின் கால் மச்சான், உனக்கு அப்பப்பா எனக்கு அம்மப்பா. பாடும்போது நிலத்தில் தட்டுகிறார், மேசைக் காலால் ஏறி ரெக்கோடருக்கு வருகிறது. காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், தாளமே தப்பிவிட்டது, இனிச் சொல்லமாட்டேன். நாளைக்கு அகலமான பீ.வீ.சீ. குழாயில் ஒரு வளையம் வெட்டி, அதற்குள் அம்மாவின் முடி கட்டுகிற றப்பர் நாலைக் குறுக்கே மாட்டி, ரெக்கோடரை அதில் தொங்கவிடப் போகிறேன். இறுக்கமாகக் கட்டினால் நடுக்கம் அப்படியே கடந்துவிடும், தொட்டால் மெதுவாக ஆடுகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். இப்போதைக்கு மேசைக்கும் ரெக்கோடருக்கும் நடுவில் தலையணை.

மச்சான் கொழும்பு, பி.ப. 6:24
மத்தளமும் பிற்பாட்டும் சேர்த்து எடுக்கும்போது ஜெக்லின் தட்டுச் செய்து பார். சுவிஸ் வானொலியில் இருந்த யூர்க் ஜெக்லின் என்ற ஒலிப்பொறியியலாளர் செய்தது. 30 சென்ரிமீற்றர் வட்டப் பலகை, இரண்டு பக்கமும் ஸ்பொஞ், அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு மைக், இரண்டுக்கும் நடுவில் 16.5 சென்ரிமீற்றர், வெளிப்பக்கம் 20 பாகை திருப்பி. பிறகு அவரே தட்டை 35 ஆக்கி, இடைவெளியை 36 ஆக்கினார். நடுவில் தலை இருக்கிற மாதிரி, ஹெட்போனில் கேட்டால் களரிக்கு நடுவில் நிற்கிற மாதிரி வரும்.

நான், பி.ப. 6:29
பலகை கிடக்கிறது, ஸ்பொஞ் பழைய கதிரையில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கேட்கிற மைக் இரண்டு வேண்டுமே, ரெக்கோடரில் இருப்பது அது இல்லை. வருகிறபோது வாங்கிக்கொண்டு வா.

மாமி, பி.ப. 6:31
வருகிறபோது வடியும் இரண்டு வாங்கிக்கொண்டு வா மகன். நாளைக்குச் சொதிக்குப் பாலைச் சேலைத் துண்டில்தான் வடிக்கப் போகிறேன்.

பெரிய மாமா, பி.ப. 6:45
நீங்கள் இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிக் கதைக்கிறீர்கள். நாங்கள் சின்ன வயதில் நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைத்துத்தான், வாவியில் மீன் பாடுகிறது என்பார்களே, அந்த மீன் பாட்டுக் கேட்டோம். அந்தத் துடுப்பு என்ன, அதுவும் ஒரு மைக் சாமான்தானே?

நான், பி.ப. 6:52
மாமா, உண்மையாகவே அதுதான்! தண்ணீருக்குள் இருக்கிற சத்தம் மேலே காற்றுக்கு வரும்போது அநேகம் தண்ணீர் முகத்திலேயே திரும்பிவிடும், மரத்துக்குள்ளால் வந்தால் காதெலும்பு வரை வரும். 1848 இல் இங்கே வந்த எமர்சன் ரெனன்ற் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் வாவியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

மச்சான் கொழும்பு, பி.ப. 6:58
துடுப்பின் காது நுனியில் அதிர்வை மின்சாரமாக்குகிற பியசோ தட்டு ஒன்று ஒட்டிவிடு. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் பாட்டுப் பாடுமே, அந்த மஞ்சள் உலோக வட்டம்.

நான், பி.ப. 7:04
இரண்டு இருக்கிறது. ஆனால் அதை நேராக ரெக்கோடரின் மைக் துளையில் செருகினால் கீழ்ச் சத்தம் எல்லாம் போய்த் தகரம் மாதிரி வரும், நடுவில் சின்ன அம்பிளிஃபையர் வேண்டும், உள்ளே போகிற பக்கம் மின்தடை ஒரு மெகா ஓமாவது இருக்கிற மாதிரி. அதையும் ஒட்டுப் பசையையும் இந்தக் கிழமை பார்க்கிறேன். தண்ணீருக்குள் விடுவதென்றால் தட்டைப் பசையால் முழுக்க மூட வேண்டும், துடுப்பில் ஒட்டினால் அந்த வேலையும் இல்லை.

அம்மா, பி.ப. 7:06
இரவில் வாவிக்குத் தனியாகப் போகக் கூடாது.

பெரிய மாமா, பி.ப. 7:10
நான் கூட்டிக்கொண்டு போகிறேன் தங்கச்சி. பாலத்தோடு நிற்கக் கூடாது, வாகன அதிர்வு தூணால் இறங்கும், கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். துடுப்பு எங்கள் வீட்டுக் கோடியில் கிடக்கிறது மருமகன், வந்து எடு. வடி மாதிரிக் கேட்காமல் எடுக்காதே.