நாற்பதைக் கடந்த பின் கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

செந்தூல்வாசி:
எனக்கு 41 வயது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வீடு திரும்பிய கடந்த வியாழக்கிழமை, மகள் கணக்கு நோட்டின் மேல் மைலோவைக் கொட்டிவிட்டாள் என்பதற்காக நான் போட்ட கூச்சலில், அவள் துடைக்கும் துணியைப் பிடித்தபடியே அசையாமல் நின்றுவிட்டாள். அந்தக் காட்சி என்னை உறங்கவிடவில்லை. என் தந்தையாரும் இப்படித்தான் இருந்தார். இனி நான் மாற முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்:
முடியும், தம்பி, எனக்கு 52 வயதில்தான் கைகூடியது. கோபம் வாய்க்கு வருமுன் உடல் சொல்லிவிடும்: அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கும், தாடை இறுகும். எனக்குக் காது மடல் சூடாகும். அதை உணர்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, இழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விடுவேன். அவ்வாறு விடும்போது இதயத் துடிப்பு தணியும். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் பத்து நிமிடம் உள்ளேயே அமர்ந்திருங்கள்.

கிள்ளான் சாலை அம்மா:
தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையை அடித்தவர்களுக்குக் கோபம் கூடவே செய்தது. முதலில் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், ஐயா. "ஆனால் நீயும்" என்று எதையும் சேர்க்காதீர்கள். தனியே முடியாவிட்டால், உளவியல் ஆலோசகரை நாடுவதில் வெட்கம் வேண்டாம்.

செந்தூல்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நோட்டு காய்ந்துவிட்டது, அப்பா," என்று எடுத்துவந்து காட்டினாள்.