பிராசஸர் மாற்றினால் போர்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வண்ணை ஸ்டூடியோ:
பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் ஒரே கணினியில்தான்: இன்டெல் ஐ5 7500 பிராசஸர், பி250 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. புது கேமராவின் 4கே ஃபைலைப் போட்டால் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. விண்டோஸ் 11-ம் ஏற மாட்டேன் என்கிறது. ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் கேட்டால், "பிராசஸர் மட்டும் போட முடியாது, போர்டும் மாத்தணும்" என்கிறார்கள். ஆனால் கொருக்குப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் நண்பர், 2017-ல் வாங்கிய ஏஎம்டி போர்டிலேயே ரைசன் 5600 மாட்டி ஓட்டுகிறார். அவருக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியாது?

பெரம்பூர் சர்வீஸ்:
கடையில் சொன்னது சரிதான் அண்ணா. உங்கள் பி250-ல் 7-ம் தலைமுறைக்கு மேல் ஏறாது. உங்கள் 7500 வந்தது 2017 ஜனவரியில். அதே வருடம் அக்டோபரில் ஐ5 8400 வந்தது. சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பெயர் அதே 1151, ஆனால் 300 வரிசை போர்டு இருந்தால்தான் ஓடும். கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கூடியதால் கரன்ட் கூடுதலாக வேண்டும், அதற்காகப் பின்களின் வேலையை மாற்றினோம் என்று இன்டெல் காரணம் சொன்னது. பயோஸை, அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை, திருத்தி பழைய போர்டில் ஓட்டிக் காட்டியவர்களும் உண்டு. தொழில் நடக்கும் மெஷினில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

நண்பருக்கு முடிந்தது ஏன் என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். 2007-ல் வந்த இன்டெல் கியூ6600 நாலு கோர். பத்து வருடம் கழித்து 7700கே-யும் நாலு கோர்தான். அதற்கு நடுவில் இன்டெல்லுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. 2011-ல் வந்த ஏஎம்டியின் புல்டோசர் எடுபடவில்லை. 2017 மார்ச்சில் எட்டு கோரோடு ஏஎம்டியின் ரைசன் வந்தது. ஏப்ரலில் ஆறு கோர் 1600, 219 டாலர். அந்த அக்டோபரிலேயே இன்டெல்லின் ஐ5-ம் ஆறு கோர் ஆகிவிட்டது, அதுவும் 182 டாலருக்கு. பத்து வருடம் நகராதது பத்தே மாதத்தில் நகர்ந்தது!

அதற்காக ஏஎம்டியைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. 2019-ல் ரைசன் 3600 199 டாலர். 2020 நவம்பரில் 5600எக்ஸ் வேகத்தில் முந்தியது, விலை 299 ஆனது. 2017 போர்டுகளில் 5000 வரிசை ரைசன் ஓடாது என்றும் கதவைச் சாத்தினார்கள். 2022 ஜனவரியில் இன்டெல் ஐ5 12400-ஐ 192 டாலருக்கு இறக்கியது. அப்புறம்தான் ஏப்ரலில் 5600 என்று ஒன்று 199 டாலருக்கு வந்தது, பழைய போர்டுகளுக்கும் பயோஸ் வந்தது. உங்கள் நண்பரின் போர்டு இன்று உயிரோடு இருப்பதில் இன்டெல்லுக்கும் பங்கு உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது 12400, டிடிஆர்4 எடுக்கும் பி660 போர்டு. உங்கள் ரேம் அப்படியே ஆகும். புது கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 ஹெச்.265 என்ற, நிற விவரம் கூடிய, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வடிவில்தான் எழுதுகின்றன, திக்குவது அதனால்தான் இருக்கும். 12400-ன் உள் கிராபிக்ஸ் அதை ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும், உங்கள் 7500-க்கு அது வராது. பெயரின் கடைசியில் எஃப் போட்டது வேண்டாம், அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது.

எண்ணூர் கேமர்:
ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு எடுத்தால் பின்னால் பிராசஸர் மட்டும் மாற்றிக்கொள்ளலாமே? இன்டெல் 13, 14-ம் தலைமுறையில் வேறு கிராஷ் பிரச்சினை வந்ததே.

பெரம்பூர் சர்வீஸ்:
நியாயமான கேள்வி தம்பி. ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும்தான், அண்ணாவின் 16 ஜிபி வீணாகும். புதிதாக எல்லாமே வாங்குபவர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். 13, 14-ல் வோல்டேஜ் ஏறியது உண்மை. 2024 ஆகஸ்டில் அதைத் தடுக்க 0x129 மைக்ரோகோட் (பிராசஸருக்கான மென்பொருள் திருத்தம்) வந்தது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். 12400 சேர்ந்த 12-ம் தலைமுறைக்கு அந்தக் கோளாறு இல்லை.

வண்ணை ஸ்டூடியோ:
சரி, 12400-தான். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெரம்பூர் சர்வீஸ்:
அட்டைப்பெட்டியில் டிடிஆர்4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பி660-ல் இரண்டு வகையும் உண்டு. பின்கள் போர்டு பக்கம்தான் இருக்கும். பணம் கொடுக்கும் முன் சாக்கெட் மூடியைத் திறந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். வரிசையில் ஒன்று வளைந்திருந்தாலும் ஒளி அங்கே உடைந்து தெரியும். வளைந்த பின்னுக்கு வாரன்டி கேட்டு வாங்குவது பெரும்பாடு. அப்புறம், ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து எனக்கு வரும் ரேம்களில் தங்க நிறப் பற்கள் உப்புக்காற்றில் மங்கியிருக்கும். உங்களுடையதை மாட்டும் முன் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள்.