தரை துடைக்கும் கிருமிநாசினியால் ஆன்டிபயாட்டிக் பலிக்காமல் போகுமா?

கேள்வி (வானம்பாடி):
அப்பா அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து தரை, கதவுக் கைப்பிடி, கழிப்பறை எல்லாவற்றையும் தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறேன், கை கழுவுவதும் கிருமி கொல்லும் சோப்பில்தான். நேற்று தோழி ஒருத்தி, இப்படியே போனால் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாதான் வளரும், செம்பு, துத்தநாகம் மாதிரி உலோகங்களும் அதையே செய்யும் என்றாள். தரை துடைக்கிற மருந்து வேறு, விழுங்குகிற மாத்திரை வேறு. ஒன்றைத் தாங்கப் பழகிய பாக்டீரியா இன்னொன்றை எப்படித் தாங்கும்? பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன், இது நடக்கக்கூடியதுதான். இரண்டு வழிகள் இருக்கின்றன. சில பாக்டீரியாக்களின் செல் சவ்வில், உள்ளே நுழைந்த நஞ்சை வெளியே தள்ளும் பம்ப் போன்ற புரதங்கள் உண்டு. வருவது கிருமிநாசினியா ஆன்டிபயாட்டிக்கா என்று அந்தப் பம்ப் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினியோடு வளர்த்தபோது, பம்பை அதிகமாகத் தயாரிக்கும் வகைகள் தங்கின, அவை சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்கவில்லை.

இரண்டாவது வழிதான் எனக்கு அதிகக் கவலை தருவது. எதிர்ப்பு மரபணுக்கள் பல சமயம் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கடத்திக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையத்தில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டிஎன்21 என்ற நகரும் மரபணுத் துண்டில் பாதரசத்தைச் சமாளிக்கும் மரபணுக்களும், ஸ்ட்ரெப்டோமைசினையும் சல்ஃபா மருந்துகளையும் எதிர்க்கும் மரபணுக்களும் ஒன்றாகவே இருக்கின்றன. அங்கே பாதரசம் மட்டும் இருந்தால் போதும், அதைத் தாங்குகிற பாக்டீரியா பிழைக்கும், மற்ற மரபணுக்களும் அதோடு சேர்ந்து பிழைத்துவிடும். ஆன்டிபயாட்டிக் ஒரு துளிகூட வேண்டியதில்லை.

மந்தைக்காரன்:
நான் கால்நடை மருத்துவர், உலோகப் பக்கத்தை நான் சொல்கிறேன். தாய்ப்பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடு கலப்பார்கள், ஐரோப்பாவில் முன்பு கிலோவுக்கு 2500 மில்லிகிராம் துத்தநாகம் வரை, 14 நாட்களுக்கு. பண்ணை விலங்குகளில் பரவியிருக்கும் ஒருவகை எம்ஆர்எஸ்ஏவில் (மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா), துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெதிசிலினை எதிர்க்கும் மரபணுவும் ஒரே துண்டில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதாவது துத்தநாகம் போடப் போட அந்த எம்ஆர்எஸ்ஏவுக்கே வசதி. சூழல் மாசும் இந்த எதிர்ப்புத்திறன் பயமும் சேர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூன் முதல் துத்தநாக ஆக்சைடை அப்படி மருந்தாகக் கொடுப்பது நின்றது. ஆன்டிபயாட்டிக்குகளில் பல காலப்போக்கில் சிதைந்துபோகும். உலோகம் சிதையாது, எருவோடு வயலுக்குப் போய் அங்கேயே வருடக்கணக்கில் கிடக்கும்.

வானம்பாடி:
சரி, ஓரளவு புரிந்தது. அப்படியானால் வீட்டில் துடைப்பதை நிறுத்திவிடவா? அப்பாவின் தையல் காயம் இன்னும் முழுசாக ஆறவில்லையே.

வெள்ளுடை:
நிறுத்தாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். எல்லாக் கிருமிநாசினியும் ஒரே மாதிரி இல்லை. பிளீச்சிங், ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு இவை பாக்டீரியாவைப் பல இடத்தில் ஒரேயடியாகத் தாக்கிவிட்டுச் சீக்கிரம் ஆவியாகும் அல்லது சிதைந்துபோகும். பென்சல்கோனியம் குளோரைடு, குளோர்ஹெக்சிடின், ட்ரைக்ளோசான் வகையறா அப்படியில்லை, மேற்பரப்பிலும் கழிவுநீரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும்.

பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்தால் நுண்ணோக்கி சொன்ன பம்ப் வைத்திருக்கும் பாக்டீரியாவும் பெரும்பாலும் செத்துவிடும். சிக்கனம் என்று பாதி அளவு கலப்பதும், தடவியவுடன் துடைத்து எடுப்பதும், அதே வாளித் தண்ணீரை மறுநாளும் பயன்படுத்துவதும்தான் ஆபத்து. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய கிருமிநாசினி வாளியிலிருந்தே சூடோமோனாஸ் வளர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன், அன்றிலிருந்து இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தரைக்குச் சோப்புத் தண்ணீரே போதும். கழிப்பறைக்கும் கைப்பிடிக்கும் மட்டும் கிருமிநாசினி, முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பாட்டிலில் சொன்ன நேரம் ஈரமாக விட வேண்டும். பிளீச்சிங்கை ஆசிட் கழிப்பறைத் திரவத்தோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். காயத்தில் எதைப் போடுவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், வெள்ளியும் உலோகம்தான், அது கலந்த களிம்பை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

கைக்குச் சாதா சோப்பு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைச் சந்தைக்கு வரும் கை, உடல் கழுவும் சோப்புகளில் போடக் கூடாது என்றது, சாதா சோப்பைவிட இவை மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

நுண்ணோக்கி:
வெள்ளுடை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆய்வகத்தில் குளோர்ஹெக்சிடினுக்குப் பழக்கிய க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் சில வகைகள், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காமல் போயின. அதற்காக அறுவைக்கு முன் தோலில் தடவும் குளோர்ஹெக்சிடினை யாரும் பயந்து மறுத்துவிடாதீர்கள், அங்கே அது உயிர் காக்கிறது. எதிர்ப்புத்திறன் பெருகுவதற்குப் பெரிய காரணம் இன்றைக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் பயன்படுத்துவதுதான். அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை மருத்துவர் சொன்ன மாதிரியே கொடுங்கள், மீந்தால் வேறு யாருக்கும் தராதீர்கள்.

வானம்பாடி:
இப்போதுதான் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கிறது. நான் கண்ணளவாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். இனி மூடியால் அளந்து, கழிப்பறைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.